வட்டிப் பணத்தில் கூத்து நடக்குமா?

4 பிப்ரவரி 2024 (ஒரு வாசகரின் கூற்று)

எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் வீடு வீடாகப் போய் விழா வரி கேட்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் சேர்ந்து பத்து லட்சம் ரூபாயை வங்கியில் போட்டுவிட்டால் வட்டியிலேயே திருவிழா நடந்துவிடும், யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இராசராசன் தஞ்சையில் செய்ததும் இதுதானே? மரபுக் கலைகள் அழிவதற்கு ஒரே காரணம் நிரந்தர நிதி இல்லாமைதான் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி 2024, இரவு

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பத்து லட்சத்துக்கு 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகளில் எல்லாச் செலவும் இரட்டிப்பாகிவிடும். அப்போது கைக்கு வரும் 70,000 ரூபாய்க்கு இன்றைய 35,000 ரூபாயின் மதிப்புதான் இருக்கும். இன்னும் 12 ஆண்டு போனால் அதுவும் பாதியாகும். வட்டியில் ஒரு பகுதியை மூலதனத்தோடு சேர்த்துக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை, தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும் என்பது பொது விதி. ஒரு நோக்கத்தைக் குறிப்பிட்டுத் தெரிவித்து ஐந்தாண்டு வரை சேர்த்து வைக்க வழியுண்டு என்றாலும், அந்தப் பணமும் கடைசியில் செலவாகத்தான் வேண்டும். ஆகவே தாராளமாக மூலதனத்தில் ஏற்றக்கூடியது 15 விழுக்காடு, அதாவது 10,500 ரூபாய். மூலதனம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வளரும். செலவு ஆறு விழுக்காடு வளரும்.

இதை ஏட்டுக் கணக்காக நான் சொல்லவில்லை. என் தாய்வழிப் பாட்டனார் ஒரு கோயிலில் பங்குனி உத்திரத்தன்று இரவு நாகசுரம் வாசிப்பதற்கென்று 5,000 ரூபாயில் ஒரு கட்டளை, அதாவது வட்டியில் நடக்க வேண்டிய அறக்கொடை, வைத்தார். அக்காலத்தில் அது ஒரு குடும்பம் யோசித்துச் செய்யும் செலவு. இன்று அதன் ஓராண்டு வட்டியில் நாகசுரக்காரருக்கு ஒரு மாலை போடலாம். நாகசுரத்தின் வாயில் செருகும் சீவாளி வாங்கித் தர முடியுமா என்பது ஐயம். கட்டளைதாரர் பலகையில் பாட்டனார் பெயருக்கு அவ்வப்போது புது வண்ணம் பூசுகிறார்கள். உத்திரத்து இரவில் ஒலிபெருக்கியில் பதிவு செய்த நாகசுரம் போடுகிறார்கள். கேட்டபோது, ‘கட்டளை நின்றுவிடவில்லையே, நடக்கிறதே’ என்று பதில் வந்தது.

5 பிப்ரவரி 2024

இராசராசனைக் கூப்பிட்டுவிட்டதால் கல்வெட்டையே பார்த்துவிடலாம். பெரிய கோயிலின் புறச்சுவரில் கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள், ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவர், எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு அவருடையது என்ற விவரத்தோடு வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களை அடுத்து நட்டுவம் செய்வோர், பாடுவோர், மத்தளம் கொட்டுவோர் வருகிறார்கள். அவர்களோடு தச்சரும் கன்னாரும் தையல் வேலை செய்வோரும் நாவிதரும் கணக்கரும் அதே பட்டியலில் பங்கு பெறுகிறார்கள். ஆடுபவருக்கு மட்டும் படியளந்தால் ஆட்டம் நடக்காது என்பதை அந்தப் பட்டியலை எழுதியவர் அறிந்திருக்கிறார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 100 கலத்தைப் பற்றிய வரியை அன்று. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறு தேசம் போய்விட்டாலோ என்ன செய்வது என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. அடுத்த உறவினர் அந்தக் காணியை, அதாவது வழிவழி உரிமையை, பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அவரே அமர்த்திப் பணி செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் அந்தப் பணிக்குழுவில் எஞ்சியவர்கள் கூடித் தக்க ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறப்பால் உரிமை வந்தாலும் பணிக்குத் தகுதி வேண்டும் என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் காலத்து அறக்கட்டளைப் பத்திரங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அறங்காவலர் இறந்தால் அடுத்த அறங்காவலர் யார் என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். ஆடுபவர் இறந்தால் அடுத்து ஆடப்போவது யார் என்று ஒரு வரியும் எழுதுவதில்லை.

வங்கியில் போட்ட வைப்போடு ஒப்பிட்டீர்களே, அது முழுவதும் பொருந்தாது என்றும் முழுவதும் பொருந்தாமல் இல்லை என்றும் சொல்ல வேண்டும். காசாகக் கொடுத்த கொடைகளை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விட்டார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. ஆனால் கலைஞருக்குப் போய்ச் சேர்ந்தது நெல். நெல்லாக அளக்கும் கூலியை விலைவாசி தின்பதில்லை.

6 பிப்ரவரி 2024

அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்ததும் இதே வகைதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், எனக்கு இன்னும் பிடித்த ஏற்பாடு அது. தஞ்சையில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டுகள் அந்த மந்தையைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. கிழடு கழிந்து குட்டி சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்பது இடையரின் பொறுப்பு. அதைவிட முக்கியமாக, அவருக்குப் பிணை நின்ற உறவினரின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. நெய் வராத நாளில் யார் வாசலில் போய் நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

வங்கி வட்டி வந்தும் கூத்து நடக்காவிட்டால் நாம் யார் வாசலில் நிற்போம்?

9 பிப்ரவரி 2024

மேலே எழுதியதைப் படித்தால் சோழர் ஏற்பாடு பழுதற்றது என்று நான் சொல்வதுபோல் தோன்றுகிறது. அதற்கு ஒரு மாற்றுச் சான்று அதே கோயில் சுவரிலேயே இருக்கிறது. இராசராசேசுவர நாடகம் என்ற ஒன்றை வைகாசிப் பெருவிழாவில் நடிப்பதற்காக, சாந்திக் கூத்தன் ஒருவனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் காணியாக விடப்பட்டதை இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. தனி ஆடலுக்கு 100 கலம் என்ற அளவோடு ஒப்பிட்டால் குறைவான படியன்று. சந்திரசூரியர் உள்ளவரை என்ற வாசகத்துக்கும் அக்காலத்தில் பஞ்சமில்லை. இன்று அந்த நாடகத்தின் ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. கல்வெட்டு இல்லாவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

அதே சுவரில் திருப்பதியம், அதாவது தேவாரம், பாடுவதற்குப் பிடாரர்கள் என்ற பாடகர்கள் 48 பேரும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவருமாக ஐம்பது பேருக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் விதிக்கப்பட்டிருக்கிறது. தேவாரம் இன்றும் பாடப்படுகிறது. இரண்டுக்கும் கொடுத்தது ஒரே கோயில். நெல்லும் ஒரே வகை. ஒன்று போயிற்று, ஒன்று நின்றது.

என் விளக்கம் இது. தேவாரத்தைக் கோயில் மட்டும் பாடவில்லை. மடங்களில் பாடினார்கள், பள்ளியில் பாடினார்கள், வீட்டில் விளக்கேற்றும்போது பாடினார்கள், சாவு வீட்டில் பாடினார்கள். தருமபுரமும் திருவாவடுதுறையும் ஓதுவார்களைப் பயிற்றின. ஒரு வழி அடைபட்டபோது இன்னொரு வழி இருந்தது. நாடகமோ ஒரு கோயிலில், ஒரு குடும்பத்தின் வசம், ஒரு விழாவுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1279-க்குப் பின் சோழ அரசு இல்லை. வட்டிக்குக் காசு வாங்கிய ஊர்ச் சபைகளும் காலப்போக்கில் மறைந்தன. இதற்கு மேல் நாடகம் நின்றதற்குத் தனிக் காரணம் தேட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

15 பிப்ரவரி 2024

வரி கேட்பதைக் ‘கையேந்துவது’ என்று இழையின் முதல் பதிவு சொல்கிறது. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எழுதும் வேலையைச் சில முறை நான் செய்திருப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வரி நோட்டு என்பது நீளவாட்டில் மடித்துத் தைத்த கணக்குப் புத்தகம். இடப்பக்கம் குடும்பத் தலைவர் பெயர், வலப்பக்கம் தொகை, அதற்கு அப்பால் ‘வரவு’ அல்லது ‘பாக்கி’. எழுத உட்கார்ந்தால் முதலில் எழும் வழக்கு, யார் ஒரு தலைக்கட்டு என்பது. கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போன மகன் புதுத் தலைக்கட்டு. ஒரே வீட்டில் இரண்டு உலை வைத்தால்? கணவனை இழந்தவர் வீட்டுக்கு அரை வரி. ஆனால் மகன் பெங்களூரில் சம்பாதித்தால்? பெங்களூரில் இருப்பவன் பெயரை எழுதாவிட்டால் அவனுடைய அம்மாவே வந்து, ‘என் பிள்ளை ஊரை விட்டா போய்விட்டான்?’ என்று சண்டை போடுவார். இந்தச் சண்டைகளைத் தொல்லை என்று நானும் முதலில் நினைத்தேன். இரண்டு மூன்று மாதம் ஊர் முழுவதும் கூத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்பது பிறகுதான் பிடிபட்டது.

வரி கட்டியவர் கூத்தைப் பார்க்க வருகிறார். வருபவர் சும்மா இருப்பதில்லை. ‘போன தடவை துகில் உரிதலைச் சுருக்கிவிட்டீர்கள், இந்தத் தடவை அந்த ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கக் கூடாது’ என்று கூட்டத்தில் எழுந்து சொல்வதற்கு ஐந்நூறு ரூபாய் கட்டிய ஒருவருக்கு முழு உரிமை உண்டு. ஜமாவின் வாத்தியாருக்கும் இது தெரியும். அர்ச்சுனன் தபசில் மரம் ஏறும்போது பாட்டைக் குறைத்தால் கீழே நிற்கும் கிழவர்கள் விடமாட்டார்கள். வட்டியில் நடக்கும் கூத்துக்கு எவரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பதுதான் என் அச்சம். பணம் கொடுத்தவர் துபாயில் இருப்பார், காணொளியில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ‘அருமை’ என்று அனுப்புவார்.

16 பிப்ரவரி 2024

‘அப்படியானால் நடிகரின் மார்பில் ஊக்கால் ரூபாய்த் தாள் குத்துவதும் நிதி மேலாண்மையா?’ என்று கேட்டவருக்கு: ஆம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன், குத்தியவரின் பெயரையும், அவர் மாமனார் பெயரையும், தொகையையும் சொல்லி, குறைத்துக் கொடுத்திருந்தால் ஒரு கிண்டலும் சேர்த்து அறிவிப்பதைவிட வெளிப்படையான தணிக்கை அறிக்கையை நான் கண்டதில்லை.

22 பிப்ரவரி 2024

15ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். அதில் எழுதாமல் விட்ட ஒரு பக்கம் இருக்கிறது.

வரி நோட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுபோலவே யார் பெயர் இல்லை என்பதும் ஒரு கணக்கு. பல ஊர்களில் சேரி மக்களிடம் வரி வாங்குவதில்லை. ‘அவர்கள் ஏழைகள், எதற்குத் தொல்லை’ என்று பெருந்தன்மையாகக் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும்: கூட்டத்தில் இடம், தேர் தெருவுக்குள் வரும் முறை, முதல் மரியாதை வரிசையில் ஒரு பெயர். ‘எங்களிடமும் வரி வாங்குங்கள்’ என்பது சில ஊர்களில் போராட்டக் கோரிக்கையாகவே எழுந்திருக்கிறது. பணம் கொடுக்கும் உரிமைக்காகப் போராட வேண்டிய நிலையைப் பார்த்தால், வரியை வெறும் நிதித் திரட்டல் என்று எண்ணுவதும், நான் செய்ததுபோல ஊர் ஒற்றுமைக்கான கருவி என்று மட்டும் எண்ணுவதும் போதா.

இன்னொன்று. அதே மக்களிடம் பணம் வாங்காத ஊர் பறை வாங்கியது. சாவுக்கும் சாமிக்கும் அடிக்க வேண்டியது அவர்கள் கடமை என்று வைத்து, அதற்குச் சில படி தானியமும் ஒரு துண்டும் கொடுத்தார்கள். நூற்றாண்டுகளாக ஒரு கலை நின்றது என்று சொல்லும்போது, எப்படி நின்றது என்று கேட்டால் பதில் சில இடங்களில் இதுதான்: வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள் அதைச் செய்தார்கள். பின்னர் பல ஊர்களில் இனிச் சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று அவர்கள் மறுத்தபோது ‘மரபு அழிகிறது’ என்று வருந்தியவர்களில் அந்தத் துண்டைத் தோளில் வாங்கியவர் எவரும் இல்லை. இன்று அதே பறையை நகரத்துப் பெண்களும் மாணவர்களும் பயிற்சி வகுப்பில் கட்டணம் கட்டிக் கற்கிறார்கள். அடி ஒன்றாக இருக்கலாம்; அடிக்கும் காரணம் மாறிவிட்டது. இதை இழப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

25 பிப்ரவரி 2024

‘கடமையை எடுத்துவிட்டால் கலை போய்விடும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்கப்பட்டிருக்கிறது. ஒரேயடியாக ஒப்புக்கொள்ள முடியாது, ஆனால் தள்ளவும் முடியாது.

தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலங்களைக் கோயில் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க 1929-இல் சட்டம் வந்தது; முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி அது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டுவதையே தடை செய்த சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் வந்தது. பெண்களின் விடுதலைக்கு அது தேவைப்பட்டது. அதே நேரத்தில் ஆட்டத்துக்கும் நிலத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. ஆட்டம் சபா மேடைக்குப் போய், நுழைவுச் சீட்டையும் நன்கொடையையும் நம்பி வேறு குடும்பங்களின் கைகளில் வளர்ந்தது. கலை பிழைத்தது, அதைச் சுமந்து வந்தவர்களில் மிகப் பலர் மேடைக்கு வெளியே நின்றார்கள். எனவே ‘கலை காப்பாற்றப்பட்டது’ என்று யாராவது சொன்னால், யாரோடு, யார் இல்லாமல் என்று நான் கேட்பேன்.

கட்டாயம் இல்லாத கடமையும் உண்டு. தஞ்சையை அடுத்த மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் வேடம் கட்டும் ஆண்களில் பலர் வேறு தொழிலில் இருப்பவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து ஆடுகிறார்கள். அங்கே ஆட்டம் ஒருவரின் பிழைப்பன்று, வழிபாடு. பிழைப்பாக இல்லாததாலேயே பணம் குறைந்தாலும் நிற்கிறது. ஆனால் விடுப்பு எடுக்கக்கூடிய வேலையும், இழக்கக்கூடிய சம்பளமும் உள்ளவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும். இரவு முழுவதும் ஆடிவிட்டுக் காலையில் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறும் கூத்துக்காரரிடம் போய் மெலட்டூரைப் பாருங்கள் என்று சொல்வது அநியாயம்.

பெருமாள் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இதில் மூன்றாவது வகை. திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் சில குடும்பங்களின் உரிமையாகத் தொடர்கிறது. அங்கே கொடுக்கப்படுவதில் பெரும்பகுதி மரியாதை: தீர்த்தம், பரிவட்டம், பெருமாளுக்கு முன் நிற்கும் இடம். மரியாதைக்கு விலைவாசி ஏற்றம் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் பிள்ளை இல்லாமல் போனாலோ, இருக்கும் பிள்ளை வேறு வழியில் போனாலோ என்ன செய்வது என்ற கேள்விக்கு அது விடை வைத்திருக்கவில்லை. பிறப்பையும் தகுதியையும் பிரித்து எழுதிய தஞ்சைக் கல்வெட்டு இந்த இடத்தில் ஒரு படி முன்னே நிற்கிறது.

10 மார்ச் 2024

அரசு, சபா, விருது ஆகியவற்றைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

விருது கலைஞருக்குப் போகிறது, கலைக்குப் போவதில்லை. பெறுகிறவர் பெரும்பாலும் கற்பிக்கும் வலிமை குன்றிய வயதில் இருக்கிறார். நலிந்த கலைஞருக்கான உதவித்தொகையை நான் குறை சொல்ல மாட்டேன், அது சோறு. ஆனால் அதை மரபைக் காக்கும் திட்டம் என்று பெயரிடக் கூடாது. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் என்ற கலைவிழா கிராமக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது நல்லது. அங்கே ஒரு குழுவுக்குக் கிடைக்கும் நேரத்தில் விடிய விடிய நடக்கும் கூத்தில் திரை விலக்கி வேடம் வெளிப்படும் சடங்கைக்கூட முடிக்க முடியாது. அரை மணிக் கூத்துக்கு மேடை பெருகினால் அரை மணிக் கூத்துதான் பெருகும்.

சபாக்களைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம். 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரசு மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதமி தொடங்கப்பட்டது முதல், நகரத்து நடுத்தர வகுப்பு தன் பணத்தில் ஒரு கலையைச் சுமந்திருக்கிறது. அரசன் இல்லை, நிலம் இல்லை, ஆண்டுச் சந்தாவும் விளம்பரமும்தான். ஆனால் மதியக் கச்சேரி பாடும் இளைஞருக்குப் பெரும்பாலும் கிடைப்பது போக்குவரத்துச் செலவுக்கே காணாது. குடும்பத்தில் வேறு வருமானம் இருப்பவர்தான் அந்தப் படியைத் தாண்டுகிறார்.

தனியொருவர் செய்ததில் நான் வணங்குவது பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளை. திருவையாற்றில் தியாகராசர் சமாதி இருந்த நிலத்தை வாங்கி, தம் செல்வத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பினார். வட்டிக்குப் பணம் வைப்பதைவிட, எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை வந்து சேர ஓர் இடத்தை உறுதிசெய்தார். அங்கே பாட வருகிறவர் கட்டணம் கேட்பதில்லை.

19 மார்ச் 2024

இதுவரை பேசியதெல்லாம் விழா நடக்கும் மாதங்களைப் பற்றியது. கூத்து சாவது மற்ற மாதங்களில்.

எனக்குப் பழக்கமான ஒரு ஜமாவின் வரவுசெலவை அதன் வாத்தியார் ஒருமுறை காட்டினார். ஓர் இரவின் தொகையைப் பங்குகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வேடக்காரருக்கும் மிருதங்கத்துக்கும் முழுப் பங்குக்கு மேல்; பையன்களுக்கு அரைப் பங்கு; கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அடங்கிய வேடப் பெட்டிக்குத் தனியாக ஒரு பங்கு, ஏனென்றால் கண்ணாடிச் சில்லு உதிர்ந்தால் ஒட்டவும் மரம் பிளந்தால் மாற்றவும் பெட்டிக்காரர்தான் செலவழிக்க வேண்டும். தை, மாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை ஓடும். மழைக்காலத்தில் கூத்து இல்லை. அப்போது நடிகர் வாத்தியாரிடம் முன்பணம் வாங்குகிறார். வாங்கிய பணத்துக்கு அடுத்த பருவம் முழுவதும் அந்த ஜமாவிலேயே ஆட வேண்டும். வாத்தியாரோ அந்த முன்பணத்தைக் கடன் வாங்கிக் கொடுக்கிறார். விழாக்கள் நின்றுபோன 2020-இல் இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆட இடமில்லை, ஆனால் முன்பணத்தின் வட்டி நிற்கவில்லை. சித்தாள் வேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

பள்ளி வைத்துக் கற்பிக்கும் வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1990-இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் குருகுலம் நடத்தியது. பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையைப் பெண் பிள்ளைகளும் கற்றார்கள். அது 2020-இல் மூடப்பட்டது. நல்ல ஆசிரியரும் நல்ல நோக்கமும் இருந்தும் உறைவிடப் பள்ளி என்பது ஆண்டுதோறும் வெளியிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்க வேண்டிய அமைப்பு. அதை ஒரு தோல்வி என்று நான் எண்ணவில்லை. அங்கே கற்றவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிறுவனம் முடிந்த பிறகும் எஞ்சுவது அதுதான்.

31 மார்ச் 2024

‘எல்லாவற்றையும் மறுக்கிறீர்கள், பத்து லட்சத்தை என்னதான் செய்வது’ என்ற கேள்வி நியாயமானது.

விழாவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். விழாச் செலவு வரியிலேயே நடக்கட்டும். நோட்டில் ஊரின் எல்லாத் தெருவும் சேரட்டும், அதற்கு முன்வராத ஊருக்கு வெளிநாட்டுப் பணம் போகவே வேண்டாம். பத்து லட்சத்தை என்றைக்கும் இருக்கும் வைப்பாக எண்ணாமல், 15 ஆண்டில் செலவழித்துத் தீர்க்கும் பணமாக எண்ணுங்கள். அதே 7 விழுக்காட்டில் அசலும் வட்டியுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,09,800 ரூபாய் எடுக்கலாம். வட்டியை மட்டும் எடுத்தால் கிடைப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வரி விதிகளுக்கு ஏற்பப் பத்திரத்தை எப்படி எழுதுவது என்று ஒரு தணிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

எதற்குச் செலவிடுவது என்பதில் எனக்கு ஒரே எண்ணம்தான்: முகவீணை, கூத்தில் வாசிக்கும் நாகசுரம் போன்ற சிறு ஊதுகருவி. மிருதங்கத்துக்கு ஆள் கிடைக்கிறது, ஆர்மோனியத்துக்குக் கிடைக்கிறது. முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துபோய், சில இரவுகளில் அது இல்லாமலே கூத்து நடக்கிறது. கற்க ஆண்டுகள் பிடிக்கும், மூச்சு வேண்டும், சினிமாப் பாட்டு வாசித்துச் சம்பாதிக்க வழியில்லை. பிறகு எந்தப் பையன் வருவான்? மழைக்கால மாதங்களில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் தங்கிக் கற்பிக்கவும், கற்கும் இருவருக்கு அம்மாதங்களில் வீட்டுச் செலவுக்குப் பணம் தரவும் இந்தத் தொகை போதும். அந்த இருவர் இன்னின்ன குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்று எழுதக் கூடாது.

விழா தொடங்குவதற்கு முந்தின நாள் ஊர்க் கூட்டத்தில் அந்த இருவரும் வாசிக்க வேண்டும், கேட்பவர்கள் குறை சொல்லலாம் என்று மட்டும் ஒரு விதி வையுங்கள். யாரும் கற்க வரவில்லை என்றால் அந்த ஆண்டுப் பணத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது, வரவில்லை என்பதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

2 ஏப்ரல் 2024

முகவீணை கற்பிக்க யாராவது இருக்கிறார்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தெரிந்த வாத்தியார் இருவரிடம் விசாரித்தேன். செய்யாற்றுப் பக்கம் ஒருவர் இருக்கிறார், பருவம் முடிந்த பிறகுதான் பேச முடியும் என்கிறார்கள். அதற்கு முன்பணமாக எவ்வளவு கேட்பார் என்பது தெரிந்தால் மேலே உள்ள கணக்கில் எவ்வளவு மாறும் என்பதும் தெரியும். அவர் ஏற்கெனவே ஒரு ஜமாவிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டியிருக்கும்.